வாட்டர் போலோவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு: முதல் நாளிலிருந்து முதல் ஆட்டம் வரை

சிங்கப்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளி வாட்டர் போலோ (தண்ணீரில் மிதந்தபடி பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) அணிக்குச் சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் பயிற்சிக்கு உதவி செய்து வருகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் உயர்நிலை 1 பிள்ளைகள் வருவார்கள். நன்றாக நீந்துவார்கள். பந்தைப் பார்த்ததும் கண் விரியும், நேராகக் கோலைப் பார்த்து எறியப் போய்விடுவார்கள். மார்ச் மாதம் பார்த்தால் அதில் சிலர் வருவதையே நிறுத்தியிருப்பார்கள். திறமை இல்லாமல் அல்ல, வரிசை மாறிப் போனதால்.

பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்குக் கூச்சம் அதிகம் சார், இதுல சேர்த்தா தைரியம் வருமா?" வரும். ஆனால் முதலில் கால், அப்புறம் நீச்சல், அப்புறம் கை, மோதல், குரல், கடைசியில்தான் ஆட்டம். ஒவ்வொன்றும் கைவந்த பிறகு தைரியம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். மிதக்கவே திணறுகிற பிள்ளையிடம் கரையில் நின்று "பயப்படாதே" என்று சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை. அவனுடைய பயம் மூச்சைப் பற்றியது, நியாயமான பயம். காலைச் சரிசெய்தால்தான் அது போகும்.

1. சேர்வதற்கு முன்

நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், ஆழமான பக்கத்தில் எதையும் பிடிக்காமல் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் முடிந்தால் போதும், வேகம் வேண்டாம். ஸ்விம்சேஃபரில் (சிங்கப்பூரின் நீச்சல், நீர்ப் பாதுகாப்புப் பயிற்சித் திட்டம்) வெண்கலம், வெள்ளி நிலை முடித்த பிள்ளைகள் பலர் இதைச் செய்துவிடுவார்கள், ஆனாலும் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். தொடக்கப்பள்ளியில் வாங்கியது, நடுவில் இரண்டு மூன்று வருடம் குளத்துப் பக்கமே போகாதவர்களும் உண்டு. சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே வாரம் இருமுறை குளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

ஐந்து நிமிடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வாட்டர் போலோவில் தரையில் கால் வைக்கக் கூடாது, சுவரையும் பிடிக்கக் கூடாது. எட்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்து உங்களிடம் வராத நேரத்திலும் உடம்பு தண்ணீரில் நின்றபடிதான் இருக்க வேண்டும்.

ஆஸ்துமா, வலிப்பு, அடிக்கடி காதில் சீழ், தோள் நழுவியது என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், கோச்சிடம் மறைக்காதீர்கள். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை அதைக் குளத்தின் விளிம்பில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். பைக்குள் அடியில் கிடந்தால் அவசரத்துக்கு உதவாது.

2. பையில் என்ன, உடம்பில் என்ன கூடாது

உடலை இறுக்கிப் பிடிக்கும் நீச்சல் உடை இரண்டு (தொளதொளவென்று இருந்தால் எதிராளியின் கைக்கு அதுவே பிடி), துண்டு, தண்ணீர் பாட்டில், பல்லுக்கு மவுத்கார்டு, நகவெட்டி. நீச்சல் கண்ணாடி பயிற்சியில் நீந்தும்போது மட்டும், ஆட்டத்தில் கிடையாது. பந்து மோதினால் கண்ணாடியே கண்ணைக் காயப்படுத்தும். காதுக்குப் பாதுகாப்பு வைத்த தொப்பியை அணியே கொடுக்கும்.

பந்து வாங்க அவசரம் வேண்டாம். வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள்: ஆண்கள் ஆட்டத்துக்கு 5ஆம் எண், பெண்களுக்கு 4ஆம் எண். எடை இரண்டுக்கும் 400 முதல் 450 கிராம்தான், சுற்றளவில்தான் வித்தியாசம். உயர்நிலை 1 பையனின் கைக்கு 5ஆம் எண் பெரியதாகத் தெரிந்தால் 4இல் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தலையில் தேங்காய் எண்ணெய். பயிற்சி நாளில் இரண்டும் வேண்டாம். எண்ணெய் தண்ணீரில் கலந்து பந்தில் படிந்தால் யாராலும் ஒரு கையில் பிடிக்க முடியாது. ஆட்டத்தின்போது உடம்பில் எண்ணெய் பூசியிருக்கக் கூடாது என்பது விதி. எண்ணெய்க் குளியலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தோடு, மூக்குத்தி, கையில் கட்டிய கயிறு, இடுப்பில் அரைஞாண், வெள்ளிக் காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். எதிராளியின் விரல் அதில் மாட்டினால் அவருக்கும் காயம், உங்களுக்கும் காயம். கோயில் கயிறை அவிழ்க்க வீட்டில் மனம் வராது, புரிகிறது. ஆனால் ஆட்டத்தன்று நடுவர் பார்த்துக் கழற்றச் சொல்லும்போது, எல்லோர் முன்னாலும் பிள்ளை கத்தரிக்கோல் தேடி நிற்பதைவிட வீட்டிலேயே பேசி முடிப்பது நல்லது. மூக்கு குத்துவதாக இருந்தால் நீண்ட விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், புண் ஆறும்வரை குளத்துக்கு வர முடியாது.

நகத்தையும் நடுவர் பார்ப்பார். முந்தின நாளே வெட்டி, ஓரத்தை ராவி விடுங்கள். அப்போதுதான் வெட்டிய நகம் கூராக இருக்கும், வெட்டாததைவிட மோசமாகக் கீறும்.

3. முதல் ஆறு வாரம்: கால்

தண்ணீரில் நின்றபடி இருக்கக் காலைச் சுற்றும் முறைக்கு எக்பீட்டர் என்று பெயர். வீட்டில் ஆட்டுக்கல் பார்த்திருந்தால் சுலபமாகப் புரியும். இரண்டு ஆட்டுக்கல், இரண்டு குழவி, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, ஆனால் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்ற வேண்டும். மேலிருந்து பார்த்தால் வலது கால் இடஞ்சுழியாகவும் இடது கால் வலஞ்சுழியாகவும் போகும். ஒன்று முடிக்கும்போது மற்றது தொடங்கும், அதனால் உடம்புக்குக் கீழே எப்போதும் ஒரு கால் தண்ணீரை அழுத்திக்கொண்டே இருக்கும்.

தவளை நீச்சலில் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் உதைப்போம், ஒரு நொடி மேலே வந்து அடுத்த நொடி இறங்குவோம். பந்து கையில் இருக்கும்போது அந்த இறங்குகிற நொடிதான் பிரச்சினை. புதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தவளை உதையையே வேகமாக உதைத்து அதுதான் எக்பீட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: தண்ணீர் மட்டம் அவர்கள் கழுத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது மேலும் கீழும் போனால் தவளை. அசையாமல் நின்றால் எக்பீட்டர்.

வரிசை இப்படி:

முதலில் நாற்காலி. விளிம்பில் உட்கார்ந்து, முட்டியை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் மடக்கி, ஒரு கால் மட்டும் 20 சுற்று, அப்புறம் மற்ற கால், அப்புறம் மாற்றி மாற்றி. வீட்டில் டிவி பார்த்தபடியே செய்யலாம். தண்ணீருக்குள் போனால் காலைப் பார்க்க முடியாது, அதனால் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வதைத் தரையிலேயே முடித்துவிட வேண்டும்.

அடுத்து குளத்து விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுச் சுற்றுவது. உள்ளங்காலிலும் கெண்டைக்காலின் உட்பக்கத்திலும் தண்ணீரின் கனம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பாதம் மடங்கவில்லை, விரல் நுனி கீழே நீட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஆழத்தில், இரண்டு கையாலும் தண்ணீரைத் தடவியபடி. பிறகு ஒரு கை வெளியே. பிறகு இரண்டு கையும் வெளியே, மணிக்கட்டு தெரிய. பிறகு முழங்கை தெரிய. கடைசியாக, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து.

ஆழத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல குளங்களில் ஒரு பக்கம் 1.2 மீட்டர்தான் இருக்கும். அங்கே பழகினால் சோர்வு வந்த கணம் கால் தானாகத் தரையைத் தேடும், அந்தப் பழக்கம் விடுபட மாதக்கணக்காகும். உயரமான பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நாள் இரண்டு கையையும் வெளியே தூக்கினான், எட்டு எண்ணுவதற்குள் வாய் தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்துப் பையனைத்தான் பார்த்தான், அவன் சிரிக்கிறானா என்று. ஆறு வாரம் அவனுக்குப் பந்தே கொடுக்கவில்லை. ஒரு சின்ன நோட்டில் நொடியை மட்டும் எழுதச் சொன்னேன்: 8, 11, 11, 15, 14, 22. ஆறாவது வாரம் ஒரு நிமிடம் நின்றான். அன்று அவனிடம் நான் கவனித்தது அந்த ஒரு நிமிடத்தைக்கூட அல்ல. அவன் தாடை தளர்ந்திருந்தது, கண் குளம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவரை அவன் கண் தன் மூக்குக்கு முன்னால் இருந்த தண்ணீரை மட்டுமே பார்த்தது. உடம்பைக் கால் தாங்கத் தொடங்கினால்தான் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது, கண்ணுக்கு ஓய்வு கிடைத்தால்தான் ஆட்டம் தெரியும்.

வழக்கமான தவறுகள்: முதுகைப் பின்னால் சாய்ப்பது (லேசாக முன்னால் சாய வேண்டும், நாற்காலியிலிருந்து எழப் போகிற மாதிரி), முட்டியைக் கீழே தொங்கவிடுவது (தொடை தண்ணீர் மட்டத்துக்கு ஓரளவு இணையாக இருக்கட்டும்), மூச்சை அடக்கிக்கொள்வது. முட்டியின் உட்பக்கம் வலித்தால் அன்று நிறுத்துங்கள், அடுத்த நாள் சுற்றைச் சின்னதாக்கிப் பாருங்கள். வலியோடு தொடரக் கூடாது.

4. தலையைத் தூக்கி நீந்துவது

நீச்சல் வகுப்பில் தலையை உள்ளே வை, உடம்பை நீட்டு என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே தலை வெளியே, கண் நேராக, முழங்கை உயரமாக, கைவீச்சு குட்டையாகவும் வேகமாகவும். தலை உள்ளே போன அந்த ஒரு நொடியில் பந்து வேறு கைக்குப் போயிருக்கும்.

நீச்சல் அணியிலிருந்து வரும் வேகமான பிள்ளைகள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். நேற்றுவரை முதலாவதாக வந்தவன், தலையைத் தூக்கியதும் இடுப்பு இறங்கிக் கடைசியில் வருகிறான், முகம் வாடிப்போகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது வேறு நீச்சல், இரண்டு மாதம் மெதுவாகத்தான் இருக்கும்.

10 மீட்டர் தலை வெளியே, 15 மீட்டர் சாதாரணமாக என்று தொடங்கினால் கழுத்து தாங்கும். பழகிய பிறகு பந்தை முன்னால் விட்டு நீந்துங்கள். பந்தைக் கையால் தள்ளக் கூடாது. இரண்டு கைக்கும் நடுவே எழும் அலையே அதை முன்னால் கொண்டுபோகும். மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தால் சரி. ஒரு முழம் தள்ளிப் போனால் அது உங்கள் பந்து அல்ல, பக்கத்தில் வருபவருடையது.

5. இப்போதுதான் பந்து

கோல்கீப்பரைத் தவிர யாரும் இரண்டு கையால் பந்தைத் தொடக் கூடாது. கைப்பந்து, கூடைப்பந்து ஆடி வந்தவர்களுக்கு இரண்டாவது கை தானாக வரும். அதை அடக்க நான் செய்வது, எறியாத கைக்கு ஒரு வேலை கொடுப்பது: தண்ணீரைத் தடவிக்கொண்டே இரு. வேலை இருக்கிற கை பந்துக்குப் போகாது.

எடுப்பது முதலில். பந்தின் அடியில் கையை விட்டு ஏந்தித் தூக்குவது ஒரு வழி. மேலே கையை வைத்து லேசாக அழுத்தி, மணிக்கட்டைத் திருப்பி எடுப்பது இன்னொன்று. விரலை அகல விரித்து, பந்து விரல்களில் உட்கார வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஈரப் பந்து வழுக்கி ஓடிவிடும்.

எறிவதற்கு முன் உடம்பு சரியாக இருக்க வேண்டும். வலக்கைக்காரர் என்றால் இடது தோள் எறியும் திசையைப் பார்க்க, இடது கால் முன்னால், வலது கால் பின்னால். முழங்கை காதுக்கு அருகே, தண்ணீருக்கு மேலே. முழங்கை இறங்கி எறிந்தால் பந்து போகும்தான், ஆனால் சுமை முழுக்கத் தோளில் விழும். இந்த ஆட்டத்தில் நாள்பட்ட வலி வரும் இடம் தோள். எறியும் விசை காலிலிருந்து எழுந்து, இடுப்பு வழியாகத் திரும்பி, கடைசியில்தான் கைக்கு வர வேண்டும். மூன்றாவது பகுதியில் சொன்ன கால் பயிற்சியை ஒழுங்காகச் செய்யாதவர்களுக்கு இங்கே தோள் வலி வருவதை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

எறிவதில் இரண்டு வகை. சகவீரரின் கைக்கு நேராகப் போவது ஒன்று, அவருக்கு முன்னால் தண்ணீரில் விழுமாறு போடுவது இன்னொன்று. புதியவர்கள் இரண்டாவதை மதிப்பதில்லை. ஆனால் கோலுக்கு முன்னால் நடுவில் முதுகைக் காட்டி நிற்கும் சகவீரருக்குப் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, தடுப்பவர் எட்ட முடியாத பக்கம் தண்ணீரில் போட்டால்தான் பந்து அவரிடம் சேரும்.

பிடிக்கும்போது கையைப் பந்து வரும் வேகத்தோடு பின்னால் கொண்டுபோங்கள், கிணற்றடியில் மேலே தூக்கி எறியும் தேங்காயை வாங்குகிற மாதிரி. கையை விறைப்பாக வைத்தால் பந்து தெறித்துப் போகும்.

கோலுக்கு எறிவதை இந்தப் படியின் கடைசியில் வையுங்கள். பயிற்சியின் கடைசி பத்து நிமிடம் போதும்.

6. மோதல்: பிள்ளைகள் விலகிப்போகும் இடம்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படிக்குத்தான் அதிகம் பொறுமை வேண்டும். முதல்முறையாக ஒருவர் தோளைப் பிடித்து அழுத்தி, தலை உள்ளே போய், மேலே வந்தால் இன்னொரு முறை உள்ளே போகிறது. அடுத்த வாரம் "வயிற்று வலி" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வயிற்று வலி உண்மையாகவே இருக்கும், பயம் அங்கேதான் போய் உட்காரும்.

அதனால் ஆட்டத்தில் தற்செயலாக நடக்கும்வரை காத்திருக்காமல், நம் கையாலேயே, மெதுவாக, சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஜோடியாகப் பிரித்து, ஒருவர் மற்றவரின் தோளில் இரண்டு கையையும் வைத்து லேசாகத் தன் எடையைப் போடுவார். கீழே இருப்பவர் எக்பீட்டரில் தாங்க வேண்டும். ஐந்து நொடி. தொடையில் இரண்டு முறை தட்டினால் உடனே விட வேண்டும், இதில் விவாதமே கிடையாது. தட்டினால் விடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் தட்டாமல் இருக்கத் தொடங்குகிறார்கள்.

தலை உள்ளே போனால் என்ன செய்வது என்பதையும் தனியாகப் பழக்க வேண்டும்: மூக்கால் மெல்லக் காற்றை விடு, கையால் எதையும் பிடிக்காதே, முட்டியை மார்புக்குக் கொண்டு வா, ஒரு பக்கமாக நழுவி வெளியே வா. மேலே நேராக வர முயன்றால் அழுத்துகிறவரின் கைக்குள்ளேயே வருவோம்.

விதியையும் இங்கேயே சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் இந்த விதிதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. பந்து உங்கள் கையில் இருந்தால் எதிராளி உங்களைத் தடுக்கலாம், அழுத்தலாம். பந்தைக் கைவிட்டால், பிடித்து வைப்பது, மூழ்கடிப்பது, பின்னால் இழுப்பது எல்லாம் அவர் செய்யும் தவறு. அதற்கு அவரைச் சில நொடிகள் ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவார்கள், மூன்று முறையானால் மீதி ஆட்டம் முழுக்க வெளியேதான். ஆக, அழுத்தம் தாங்கவில்லையா, பந்தை விடு. பயந்த பிள்ளை செய்வது நேர் எதிர்: பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்து, அதோடு சேர்ந்து உள்ளே போகும். எதிராளி தாக்கும்போது பந்தைத் தண்ணீருக்குள் அழுத்தினால் அது நம் தவறாகவே எழுதப்படும்.

ஒரு மாணவி, உயர்நிலை 2. பயிற்சி ஆட்டத்தில் இரண்டு முறை உள்ளே போய் வந்தாள், இருமினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏணியைப் பார்த்தாள். நான் குனிந்து, "மா, பந்தை எப்ப விட்ட?" என்று மட்டும் கேட்டேன். "விடல சார்." "சரி, இந்தத் தடவை அவ கை பட்ட உடனே விட்டுப் பாரு." அடுத்த முறை விட்டாள். எதிராளியின் கை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது, நடுவர் விசில் ஊதினார், பந்து இவள் அணிக்கு வந்தது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, ஒரு கணக்கு புரிந்த தெளிவு இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஏணியைப் பார்க்கவில்லை.

இன்னொன்று, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிக்க வேண்டியது. தோள், கை, இடுப்பில் இழுபறி இந்த ஆட்டத்தில் இருக்கும். வேண்டுமென்றே உதைப்பது, குத்துவது, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தொடுவது ஆட்டத்தின் பகுதி அல்ல. நடந்தால் அன்றே கோச்சிடமோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும். "அதெல்லாம் சகஜம்" என்று யாராவது சொன்னால் அடுத்த பெரியவரிடம் போக வேண்டும். இதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளையிடம் பேசிவிடுங்கள்.

7. குரல்

வகுப்பில் கை தூக்காத பிள்ளைகள் குளத்தில் கத்துவார்களா? முதலில் மாட்டார்கள். "பேசு, பேசு" என்றால் இன்னும் உள்ளே போவார்கள். என்ன பேசுவது என்று தெரியாததுதான் காரணம்.

அதனால் ஒரே ஒரு சொல் கொடுங்கள். முதல் வாரம் "லெஃப்ட்" அல்லது "ரைட்" மட்டும், எதிராளி எந்தப் பக்கம் வருகிறார் என்று. அடுத்த வாரம் சகவீரரின் பெயர். அதற்கடுத்து "பிரெஸ்" (எதிராளியோடு ஒட்டி நின்று தடு), "டிராப்" (நம் கோல் பக்கம் பின்வாங்கித் தடு). தமிழ்ப் பிள்ளைகள் இருவர் பக்கத்தில் இருந்தால் தமிழில் கத்திக்கொள்வார்கள், எனக்கும் கேட்க இனிமைதான், ஆனால் மூன்றாவதாக இருக்கும் சீன, மலாய்ப் பிள்ளைக்குப் புரியாமல் அங்கே கோல் விழும். அணிக்கு ஒரே சொற்கள்.

மிகவும் கூச்சமான பிள்ளையைப் பயிற்சியில் பத்து நிமிடம் கோல்கீப்பராக நிறுத்துங்கள். குளம் முழுவதும் தெரிவது அவருக்கு மட்டும்தான், அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தேவை வந்தால் குரல் வரும். வந்த பிறகு அதைப் பற்றிப் பெரிதாகப் பாராட்டிப் பேசாதீர்கள், கூச்சக்காரருக்கு அது இன்னொரு கூச்சம். அடுத்த வாரமும் அதே இடத்தில் நிறுத்துங்கள், போதும்.

8. முதல் ஆட்டம்

ஓர் அணியில் தண்ணீரில் ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்து கிடைத்ததும் கடிகாரம் ஓடும், குறிப்பிட்ட நொடிகளுக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். எதிரணி கோலுக்கு இரண்டு மீட்டருக்குள் பந்துக்கு முன்னதாகப் போய் நிற்கக் கூடாது. பந்தை முஷ்டியால் குத்தக் கூடாது. முதல் நாளுக்கு இவ்வளவு விதி போதும்.

ஆண்கள் அணி 1965இலிருந்து 2017 வரை தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தொடர்ந்து 27 முறை தங்கம் வென்ற ஊர் இது. ஆகவே எதிரணியில் சின்ன வயதிலேயே பந்து பிடித்த பிள்ளைகள் இருப்பார்கள், முதல் ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் தோற்கலாம். கோல் எண்ணிக்கையை வைத்து முதல் ஆட்டத்தை அளந்தால் மூன்று மாத உழைப்பு அன்றே உடைந்துவிடும். புதியவருக்கு நான் கொடுப்பது மூன்று வேலை: பந்து பறிபோன ஒவ்வொரு முறையும் முதல் மூன்று கைவீச்சு முழு வேகத்தில் திரும்பு, உன் ஆளைக் கண்ணிலிருந்து விடாதே, பந்து வந்தால் பாதுகாப்பாக அடுத்தவருக்குக் கொடு. எத்தனை முறை செய்தாய் என்று ஆட்டம் முடிந்ததும் நோட்டில் எழுது.

முதல் ஆட்டத்தில் எல்லோரும் செய்யும் தவறு, பந்து இருக்கும் இடத்துக்கு மொத்தமாக நீந்திப் போவது. "பந்தைப் பார், ஆனால் உன் இடத்தில் இரு" என்று முந்தின நாளே நான்கு ஐந்து முறை சொல்லி வையுங்கள்.

இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிக்கட்டும். இட்லி, வாழைப்பழம் சரி. பரோட்டா, பிரியாணி ஆட்டம் முடிந்ததும். குளத்திலும் வியர்க்கும், தெரியாது, அதனால் தண்ணீர் குடிக்க வேண்டும். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் உயிர்காப்பாளர் எல்லோரையும் வெளியே வரச் சொல்வார், இங்கே அது அடிக்கடி நடக்கும். மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டி வரலாம். ஒரு ஜாக்கெட்டும் உலர்ந்த துண்டும் கூடுதலாக வையுங்கள். குளிரில் நடுங்கிய உடம்போடு மறுபடி இறங்கினால் தோளும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும்.

பெற்றோர் பார்வையாளர் பக்கத்திலிருந்து "எறி, எறி" என்று கத்த வேண்டாம். தண்ணீரில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் குரல் எல்லாக் குரலையும் தாண்டிக் கேட்கும், கோச் சொன்னது மறந்துவிடும். திரும்பும் வழியில், எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தபடி, ஆட்டத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். அவர்களே தொடங்குவார்கள்.

9. படிப்பு, தோல், காது

தேர்வு வந்தால் பயிற்சியை முழுக்க நிறுத்திவிடுவது நம் வழக்கம். ஆறு வாரம் நிறுத்தினால் எக்பீட்டர் பாதி போய்விடும், திரும்பி வரும்போது தன்னோடு சேர்ந்தவர்கள் முன்னால் போயிருப்பார்கள், அந்த இடைவெளியில்தான் பலர் விலகுகிறார்கள். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், காலுக்கு மட்டும் வந்து போங்கள். டியூஷன் நேரத்தை வருட ஆரம்பத்திலேயே பயிற்சி நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மார்ச்சில் மாற்ற முடியாது.

வெயிலில் பயிற்சி, பிள்ளை கறுக்கும். தீபாவளிக்கு வரும் உறவினர் "என்ன இப்படிக் கறுத்துட்ட" என்பார்கள். பெண்பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாகச் சொல்வார்கள். குளத்தில் ஆறு மாதம் பாடுபட்டு வந்த தைரியத்தை இந்த ஒரு வாக்கியம் அசைத்துப் பார்க்கும், நான் கண்ணால் பார்த்தது. அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், அம்மாவோ அப்பாவோ பதில் சொல்ல வேண்டும்: "அவ பள்ளி அணியில ஆடறா, அத்தை." அவ்வளவு போதும். வெயில் புண்ணாகாமல் இருக்க சன்ஸ்கிரீன் பயிற்சிக்கு அரை மணி முன்பே பூசுங்கள், உள்ளங்கையைக் கழுவிவிடுங்கள்.

காதைப் பயிற்சி முடிந்ததும் தலையைச் சாய்த்து வடியவிட்டு, வெளிப்புறம் மட்டும் துடைக்கவும். பஞ்சுக்குச்சி, சூடான எண்ணெய் இரண்டும் வேண்டாம். காதுமடலை இழுத்தால் வலி என்றால் டாக்டரிடம் போங்கள், ஆறும்வரை குளம் கிடையாது.

10. ஒரு வருடம் கழித்து

அடுத்த ஜனவரியில் புதிய பிள்ளைகள் வருவார்கள். போன வருடம் வந்தவர்களை அவர்களுக்கு எக்பீட்டர் சொல்லிக் கொடுக்க விடுங்கள், ஒருவருக்கு ஒருவர். தன் காலில் இன்னும் எது சரியில்லை என்று சொல்லிக் கொடுக்கும்போதுதான் தெரியவரும்.

எட்டு நொடியில் வாய் உள்ளே போன அந்தப் பையன் இந்த வருடம் ஒரு சின்னவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் பாதத்தைக் கையால் பிடித்து வெளிப்பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். பந்துக் கூடையைச் சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தான். சின்னவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆறு வாரம்டா," என்றான் இவன், "முதல்ல காலைக் காட்டு."